குளிப்பறைத் தூம்பைத் தன் கையால் திறத்தல்

சபைக்கு நடுநாயகமாய் வீற்றிருந்து, பேசுவோரின் உற்சாகத்தையும் கேட்போரின் பொறுமையையும் ஒரே தராசில் நிறுத்திக் காத்துவரும் அக்கிராசனாதிபதி, வக்கீல் சங்கரசுப்பிரமணியன் அவர்களே. நரைத்த தலையும் நிறைந்த அறிவுமாய் முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே. தறியை நிறுத்திவிட்டு மேலப்பாளையத்திலிருந்து நடந்து வந்திருக்கும் நெசவாளச் சகோதரர்களே. என்னிடம் பாடம் கேட்டு, இன்று என் பாடத்தைச் சோதிக்க வந்திருக்கும் பழைய மாணாக்கர்களே. மூங்கில் தட்டிக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே. உள்ளே இடம் கொடுக்கப்படாமல் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கும் சுடலையாண்டி அவர்களே. உங்கள் அனைவருக்கும் அருமைநாயகத்தின் பணிவான வணக்கம்.

பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். நம் தெருச் சாக்கடையை, வாறுகாலைத் தோண்டுகிறவரை ‘அவர்களே’ என்று அழைத்தது நாத்தவறு என்று நினைத்துவிட்டீர்கள் போலும். நாத்தவறு அன்று. எழுதிக்கொண்டுவந்து படிக்கிறேன், காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லி முடித்தபின், சிரிக்க மனமுள்ளவர்கள் தாராளமாய்ச் சிரிக்கலாம்.

நம் தெருச் சுகாதார சங்கத்தார் அச்சிட்ட விளம்பரத்தில், ‘ஆரோக்கிய விதிகள்’ என்ற பொருள்பற்றி நான் உபந்நியாசம் செய்வேன் என்று கண்டிருக்கிறது. அக்கிராசனாதிபதியின் அனுமதியோடு அப்பொருளைச் சுருக்கிக்கொள்கிறேன். காற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. உணவைப் பற்றிப் பேசப்போவதில்லை. ஆறு விரற்கடை அகலமுள்ள ஒரே ஒரு துவாரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நம் ஒவ்வொருவர் வீட்டிலும், குளிப்பறையின் மூலையில், குளித்த தண்ணீர் வெளியேறுவதற்காகக் கொத்தன் வைத்துவிட்டுப்போன தூம்பு. அது அடைபட்டால் என்ன செய்வது? இதுவே இன்றைய பொருள்.

யாரோ கேட்கிறீர்கள். சற்று உரக்கச் சொல்லலாம்.

“வாத்தியாரே, தூம்பு குத்துததுக்கா வே மேடை போட்டு விளக்கு ஏத்தியிருக்கு? எங்க வீட்டுப் பொம்பள ரெண்டு வார்த்தையில சொல்லிருவாளே.”

ஷேக் மைதீன் அண்ணாச்சி கேட்பது நியாயமான கேள்வி. இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடியதுதான். ஏழு நிமிஷத்தில் செய்யக்கூடியதுதான். அந்த ஏழு நிமிஷ வேலையைச் செய்யாமல் இருபத்தெட்டு நாள் கழித்தவன் ஒருவன் இந்த மேடையில் நிற்கிறான் என்பதனாலேதான், அண்ணாச்சி, விளக்கு ஏற்றியிருக்கிறது.

சென்ற வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, அக்டோபர் ஒன்பதாந் தேதி திங்கட்கிழமை, தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்த என் ஒரே மகள் லில்லி, ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். சுகப்பிரசவம். மருத்துவம் பார்த்தவர் மேலப்பாளையத்து ஆசியா உம்மாள். நம் தெருவில் பிறந்த குழந்தைகளில் பாதியைக் கையில் ஏந்தியவர் அவர். அந்தக் கதை எங்கே முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் கல்லறைத் தோட்டம்வரை என்னோடு நடந்து வந்தீர்கள். எங்கே முடிந்தது என்பதை அறிவீர்கள். எப்படி முடிந்தது என்பதை அறியமாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

பிள்ளை பெற்றவளுக்கு நாள்தோறும் வேது குளிப்பாட்டுவது நம் வழக்கம். உடம்பெங்கும் நல்லெண்ணெயும் மஞ்சளும். தேய்த்துக் கழுவப் பயற்றமாவு. மேலே ஊற்ற, நொச்சியும் வேம்பும் போட்டுக் கொதித்த ஆறு குடம் தண்ணீர். நல்ல வழக்கம், நான் குறை கூறவில்லை. ஆனால் அந்த எண்ணெயும் அந்த மாவும் எங்கே போகின்றன? அந்த ஆறு விரற்கடைத் துவாரத்தில் போகின்றன. வெந்நீராய்ப் போகிறவரையில் ஓடும். மண்குழாயில் ஆறியவுடன் குழாயின் உட்சுவரில் மெழுகாய்ப் படியும். இதை நான் என் வகுப்பில், சுகாதார பாடத்தில், பலகையில் படம் வரைந்து பதினெட்டு வருஷமாகக் கற்பித்துவந்தேன்.

பத்தாம் நாள் காலை, குளிப்பாட்டிவிட்டு வெளியே வந்த ஆசியா உம்மாள் முற்றத்தில் நின்றே என்னிடம் சொன்னார்:

“வாத்தியாரய்யா, தண்ணி போவ மாட்டேங்கு. கரண்டைக்கால் மட்டும் நிக்கி. பச்சை உடம்புக்காரி அதுலதான் நிக்கா. பைய பைய ஒரு மணி நேரம் எடுக்கு வடியுததுக்கு.”

நான் சொன்ன மறுமொழியை, வார்த்தை மாறாமல், உங்கள் முன் வைக்கிறேன்.

“சுடலையாண்டி முறை திங்கட்கிழமை. அன்னைக்குச் சொல்லுதேன்.”

அன்று புதன்கிழமை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“தண்ணிக்குக் கிழமை தெரியுமாய்யா?”

இவ்வளவே கேட்டுவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

சபையோரே, என் வீட்டில் அப்போது மூன்று விதிகள் நடந்துவந்தன. நாற்பது நாள் கழியும்வரை, பிள்ளை பெற்றவள் படுக்கும் அறைக்குள்ளும் குளிக்கும் அறைக்குள்ளும் வீட்டு ஆண்மகன் காலெடுத்து வைக்கலாகாது. இது முதல் விதி. பெண்கள் போகலாம், ஆனால் தூம்பில் கைவைப்பது அவர்களுக்கு இழிவு, அது வாறுகால்காரர் தொழில். இது இரண்டாம் விதி. வாறுகால்காரர் கைவைக்கலாம், ஆனால் அவர் பின்சந்தோடு நிற்கவேண்டும், வீட்டுக்குள் வரலாகாது. இது மூன்றாம் விதி. உள்ளே போகத் தகுந்தவர் தொடலாகாது. தொடத் தகுந்தவர் உள்ளே போகலாகாது. தூம்பின் வாயோ உள்ளே இருக்கிறது. ஒரு பூட்டுக்கு மூன்று சாவி செய்து, மூன்றையும் கிணற்றில் எறிந்தவன்போல் நான் இருந்தேன். கிறிஸ்து வேதம் வாசிக்கிற வீடு. எல்லா மனிதரும் ஒரே இரத்தம் என்று பாடுகிற வீடு. அந்த வீட்டில் இந்த மூன்று விதிகளையும் எழுதாமல் எழுதிக் காத்துவந்தவன் நான்.

திங்கட்கிழமை வந்தது. சுடலையாண்டி வந்தார். பின்சந்தில் குனிந்து, தூம்பின் வெளிவாயில் மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்தினார். பத்துக் குத்துக் குத்தியபின் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எசமான், இது மண்ணு இல்ல. மண்ணுன்னா உடையும். இது குத்தக் குத்த இறுகுது. கயிறு மாதி என்னமோ கெடக்கு. உள்ள இருந்து கொக்கி போட்டு இழுக்கணும். வெளிய இருந்து தள்ளுனா இன்னும் மோசமாப் போயிரும்.”

“உள்ளே பிள்ளை பெத்தவ இருக்கா. நீ எப்படி வருவ?”

“நான் வரணும்னு சொல்லலையே எசமான். உங்க வீட்டு ஆளு யாராச்சும் கைய விட்டு இழுத்தாப் போதும்.”

“அதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்? பேசாமக் குத்து.”

அவர் குத்தினார். சொன்னதைச் செய்தார். அன்று மாலை தண்ணீர் சற்று ஓடியது. என் விதி வென்றது என்று நான் மகிழ்ந்தேன். மறுநாள் முதல் ஒரு சொட்டும் ஓடவில்லை.

பெரியோர்களே, அந்தத் தூம்பில் இருந்தது என்ன? அதைச் சொல்லும்போது என் வீட்டுக் குற்றம் ஒன்றை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அவிழ்க்கலாமா என்று என் மனைவி பாக்கியவதியிடம் கேட்டேன். அவள் தட்டிக்கு அப்பால் இருக்கிறாள். “என் பங்கை விட்டுட்டுச் சொன்னா அது பாதி உண்மை. பாதி உண்மை சொல்லுததுக்கு நீங்க மேடை ஏற வேண்டாம்” என்றாள். ஆகவே சொல்கிறேன்.

பிள்ளை பெற்றவளுக்குத் தலைமயிர் உதிரும். உதிர்ந்த மயிர் வீட்டை விட்டு வெளியே போனால், பொறாமைக்காரர் கையில் அகப்பட்டால், அதை வைத்துச் செய்வினை செய்துவிடுவார்கள் என்பது நம் பெண்களின் அச்சம். குப்பையில் போடக்கூடாது. எரிக்கவும் கூடாது; கருகும் நாற்றம் பச்சைக் குழந்தைக்கு ஆகாதாம். அப்படியானால் எங்கே போடுவது? நாள்தோறும் லில்லியின் தலையை வாரியபின், சீப்பில் வந்த மயிரைச் சுருட்டி, யார் கண்ணிலும் படாமல், தூம்பில் தள்ளித் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என் மனைவி. வீட்டை விட்டுப் போகிறது; ஆனால் யார் கைக்கும் எட்டாது. அவள் கணக்கு அது.

சிலர் தலையை ஆட்டுகிறீர்கள். வாத்தியார் வீட்டிலா இந்த மூடநம்பிக்கை என்று. பொறுங்கள். ஆறு வருஷத்துக்கு முன்பு, இதே கொட்டகையில், இதே மேடையில், மூடநம்பிக்கையைக் கண்டித்து ஒருவன் ஒன்றரை மணி நேரம் முழங்கினான். நகத்தையும் மயிரையும் ஒளித்துவைக்கும் பெண்களை நகைத்தான். சபை கைதட்டியது. அவன் மனைவி தட்டிக்கு அப்பால் இருந்து அதைக் கேட்டாள். கேட்டு என்ன கற்றுக்கொண்டாள்? அச்சத்தை விடக் கற்றுக்கொண்டாளா? இல்லை. அச்சத்தை என்னிடம் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். சுடலையாண்டி பின்சந்தில் நின்று ‘கயிறு மாதி என்னமோ கெடக்கு’ என்றபோது, அது என்ன என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். சொன்னால் கணவன் சிரிப்பான். ஆகவே வாய் திறக்கவில்லை. அவள் வாயை அடைத்தது எது? என் பிரசங்கம்.

இதற்கிடையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தாமிரபரணி கலங்கிச் செம்மண் குழம்பாய் ஓடியது. ஆற்றுநீர் எடுப்பதை நிறுத்திவிட்டுத் தெருவே வீட்டுக் கிணற்றைக் குடித்தது. என் வீட்டுக் கிணறு குளிப்பறைச் சுவருக்கு ஐந்தே அடி தள்ளி. தூம்பில் போகாத தண்ணீர் எங்கே போகும்? தரையில் நின்றது, சாந்து விரிசலில் இறங்கியது, சுவருக்கடியில் கசிந்தது. பிள்ளையைப் பார்க்க வந்த என் தங்கை, அப்போதுதான் நெடுநாள் சுரம் விட்டு எழுந்தவள், மூன்று நாள் தங்கினாள். அவள் குளித்ததும் அங்கே. அவள் துணி துவைத்ததும் அங்கே.

பிரசவித்த இருபத்துநான்காம் நாள் லில்லிக்குச் சுரம் கண்டது. மூன்றாம் நாளும் இறங்காமற்போகவே வைத்தியரை அழைத்தேன். விஷசுரம் என்றார். எந்தத் தண்ணீர் குடிக்கிறாள் என்று கேட்டார்.

“காய்ச்சுன வெந்நீதான் குடுக்கோம்” என்றாள் என் மனைவி.

“வாய் கொப்பளிக்க?”

என் மனைவி கிணற்றுப் பக்கம் திரும்பினாள்.

“பால் டம்ளர் கழுவ?”

வைத்தியர் எழுந்துபோய்க் கிணற்றையும் சுவரையும் பார்த்தார். சுவரின் அடியில் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவப்போனவர், வாளித் தண்ணீரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் நிரூபணம் இல்லாததை நிச்சயம் என்று சொல்லுகிறவன் அல்லன். அந்தக் கிணற்றால்தான் சுரம் வந்தது என்று வைத்தியர் சத்தியம் செய்யவில்லை. ‘வந்திருக்கக்கூடும்’ என்றார். அந்த ஒரு சொல்லோடு நான் பத்து மாதமாக வாழ்ந்துவருகிறேன். அதே கிணற்றைக் குடித்த நாங்கள் பிழைத்தோம். இரத்தம் வற்றிக் கிடந்தவள் பிழைக்கவில்லை.

படுக்கையில் ஒருநாள் அவள் என்னிடம் பேசினாள். நான் அறை வாசலில் நின்றேன். உள்ளே போகலாகாது அல்லவா?

“அப்பா, இன்னும் தண்ணி நிக்குதா?”

“நிக்கி, தாயி.”

“நீங்களே ஒரு தடவ பாருங்களேன். பள்ளிக்கூடத்துல படம் போடுவீங்கள்ல, அது மாதி.”

“நாப்பது நாள் முடியட்டும்மா.”

அவள் சிரித்தாள். “நாப்பத எண்ணிக்கிட்டே இருங்க” என்றாள்.

எண்ணினேன். முப்பத்தெட்டு வரையில் எண்ணினேன்.

நவம்பர் பதினைந்தாந் தேதி, புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு அவள் உயிர் பிரிந்தது. அடக்கம் பண்ணுமுன் உடலைக் குளிப்பாட்டவேண்டும். சுரம் காணும்வரை நாள்தோறும் அவளைக் குளிப்பாட்டிய ஆசியா உம்மாளே வந்தார். “கடைசித் தண்ணியும் நானே ஊத்துதேன்” என்றார். மதம் எதையும் யாரும் நினைக்கவில்லை. பலகையில் கிடத்தி ஊற்றினார்கள். நான் முற்றத்தில் நின்றேன். சற்று நேரத்தில் கதவு திறந்தது. ஆசியா உம்மாளின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

“வாத்தியாரய்யா, பலகைக்கு மேல தண்ணி ஏறுது. புள்ளய அழுக்குத் தண்ணியிலயா கெடத்த? இன்னைக்கு என்ன கிழமன்னு பாக்கப் போறீரா?”

போனேன். சபையோரே, நான் போனேன். முப்பத்தெட்டாம் நாள், அவள் பார்க்கமுடியாத நாளில், நான் அந்த அறைக்குள் போனேன். மகளை ஒரு பக்கம் விட்டு, மூலையில் மண்டியிட்டு, சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டி, தூம்புக்குள் கையை விட்டேன். முழங்கைவரை போயிற்று. விரலில் ஏதோ சிக்கியது. இழுத்தேன். வந்தது. எண்ணெயும் மாவும் பற்றிய கறுப்புத் திரளாய் வந்தது. ஒரு சாண் வந்தது. ஒரு முழம் வந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன், இன்னும் வந்தது. என் மகளின் தலைமயிர். ஒரு நாளுக்கு ஒரு சுருளாய், முப்பத்தெட்டு நாள் மயிரும் என் கையில் வந்தது. பின்னாலே தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு இறங்கிற்று. சுவருக்கு அப்பால், பின்சந்திலிருந்து, சுடலையாண்டியின் குரல் கேட்டது.

“எசமான், தண்ணி வருது.”

அவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. சாவு வீட்டுக்கு வந்தவர். உள்ளே வரக்கூடாதென்று அங்கே நின்றிருக்கிறார்.

வெளியே வந்ததும் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம் அப்படி. நான் உள்ளே போய் ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

சென்ற வருஷம் யாரிடமும் சொல்லாத இதை இன்று சொல்லி உங்கள் கண்ணீரை வாங்குவது என் நோக்கம் அன்று. தட்டிக்கு அப்பால் அழுகிற தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். இனிச் சொல்வதைக் கவனமாய்க் கேட்கவேண்டும். என் பாடம் இது.

தண்ணீர் மெதுவாய்ப் போகத் தொடங்கிய அன்றே தூம்பைப் பாருங்கள்; அடைபடும்வரை காத்திராதீர்கள். உள்வாயிலிருந்து இழுங்கள், வெளிவாயிலிருந்து ஒருபோதும் தள்ளாதீர்கள். நுனியில் இரும்புக் கம்பியை வளைத்துக் கட்டிய மூங்கில் பிளாச்சு போதும். அது எட்டாவிட்டால் கை இருக்கிறது. கடவுள் கையைத் தோளோடு கொடுத்திருக்கிறார். மயிர் வந்தபின் சாம்பல் கரைத்துத் தெளிவித்த நீரை நன்றாய்ச் சூடாக்கி இரண்டு குடம் ஊற்றுங்கள். எண்ணெய்ப் படிவு கரையும். துவாரமிட்ட தகடு ஒன்றைத் தூம்பின் வாயில் பதியுங்கள். அடுப்புக் கரண்டி செய்கிற கொல்லனே செய்து தருவான். முடிந்ததும் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். தாய்மார்களே, உதிர்ந்த மயிரைப் பற்றி உங்களுக்கு அச்சமுண்டானால் அந்த அச்சத்தை நான் இனி நகைக்கமாட்டேன். கொல்லையில் ஒரு முழம் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். யார் கைக்கும் எட்டாது, தூம்புக்கும் எட்டாது. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். சொல்லமுடியாத கணவரானால், அவரை இந்தச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

இவ்வளவுதானா? இவ்வளவும் எனக்கு முன்னமே தெரியும். பதினெட்டு வருஷமாய்த் தெரியும். அறிவில்லாமலா என் வீட்டில் சாவு நுழைந்தது? அறிவு பலகையில் இருந்தது. தூம்பை அறிந்தவர் பின்சந்தில் இருந்தார். அடைப்பை அறிந்தவள் அடுக்களையில் இருந்தாள். ஆபத்தை அறிந்தவர் முற்றத்தில் நின்று எச்சரித்தார். எல்லாரும் அறிந்தோம், எவரும் எவரிடமும் போகவில்லை. யார் தடுத்தது? அரசாங்கம் தடுத்ததா? சட்டம் தடுத்ததா? ஆண் என்று ஒரு வரம்பு, மேல் என்று ஒரு வரம்பு, மானம் என்று ஒரு வரம்பு. வரம்பு கட்டி வரம்பு கட்டி, நடுவிலே ஒரு பெண்ணை நிறுத்தி, அவள் காலடியில் தண்ணீரைத் தேக்கினோம். விதிகளை நேசிக்கிறவன் நான், இன்றும் நேசிக்கிறேன். ஆனால் நோயாளியைக் காப்பதற்காக ஏற்பட்ட விதி நோயாளியைவிட நீண்டநாள் உயிரோடிருக்குமானால், அந்த விதிக்கு நாம்தான் முதலில் குழி தோண்டவேண்டும்.

“அப்ப வாறுகால்காரனை வீட்டுக்குள்ள விடச் சொல்லுதீரா, வே?”

முன்வரிசையிலிருந்தே வருகிறது கேள்வி. நன்று. நேராகச் சொல்கிறேன். வேலை தெரிந்தவர் உள்ளே வந்துதான் செய்யவேண்டுமென்றால், உள்ளே வரவேண்டும். அதற்கு உங்கள் மனம் ஒப்பவில்லையா? அப்படியானால் உங்கள் கை போகட்டும். இரண்டுமில்லை என்கிற வீட்டுக்காரர், மூன்றாவதாக எதைத் தேர்ந்துகொண்டார் என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சுடலையாண்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா?

“அதெல்லாம் வேண்டாம் எசமான். நான் சொன்னப்ப நீங்க கேட்டிருந்தா, லில்லி பாப்பா இருந்திருக்கும். அம்புட்டுதான்.”

அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அக்கிராசனாதிபதி கடிகாரத்தை எடுத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். ‘அவரவர் வீட்டுத் தூம்பை அவரவர் வீட்டு ஆண்மக்களே வாரந்தோறும் திறந்து சோதிப்பது’ என்ற தீர்மானத்தைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். ஆதரிப்பவர்கள் கைதூக்க வேண்டும் என்பது முறை. இன்றைக்கு அந்த முறை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தூக்கிய கைகளை எண்ணிப் பயனில்லை. வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஒரு குடம் தண்ணீரோடு தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்குவேன். ஒவ்வொரு குளிப்பறையிலும் ஊற்றுவேன். ஓடினால் அந்த வீடு தீர்மானத்தை ஆதரித்தது. ஓடாவிட்டால் அங்கேயே மண்டியிட்டு நான் கையை விடுவேன். வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

என் வீட்டுத் தூம்பு இப்போது நன்றாய் ஓடுகிறது. பதினொரு மாதக் குழந்தை அந்த அறையில்தான் குளிக்கிறது. தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டால் அதற்குச் சிரிப்பு வருகிறது, கைகொட்டுகிறது. அந்தச் சத்தம் தொடங்கியதும் என் மனைவி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள். நான் இருந்து, கடைசிச் சொட்டு போகிறவரை பார்த்துவிட்டு வருகிறேன்.

பொறுமையோடு செவிசாய்த்த பெரியோர்களுக்கும், கேள்வி கேட்டு என்னைத் திருத்திய அண்ணாச்சிமார்களுக்கும், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பாடத்தைக் கேட்ட தாய்மார்களுக்கும், நேரத்தைக் கடன் கொடுத்த அக்கிராசனாதிபதி அவர்களுக்கும் என் நன்றி உரியது. சனிக்கிழமை காலை உங்கள் வீட்டு வாசலில் வணக்கம் சொல்வேன். இப்போதைக்கு இந்த மேடையிலிருந்து, வணக்கம்.